ஆண்டு இசைப் பாடத்திட்டம் எங்கே பிசகுகிறது: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதாவது ஏறத்தாழ 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்கு வாரம் ஒரு பாடவேளை இசை நடத்தும் ஆசிரியர்களுக்கான வழிமுறை இது. ஆண்டுத் தொடக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய திட்டம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் பிசகுகிறது. அது வெளியே மாணவர்களின் அக்கறையின்மை போலவோ திறமைக் குறைவு போலவோ தெரிந்தாலும், தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் நேரக் கணக்கிலோ, சுருதித் தேர்விலோ, பாடங்களை அடுக்கிய வரிசையிலோதான் காரணம் அகப்படுகிறது.

உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேரே செல்லுங்கள். செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணங்கள் முதலிலும், பணமோ நிர்வாகத்தின் ஒப்புதலோ தேவைப்படுபவை கடைசியிலும் தரப்பட்டுள்ளன. ஒன்றைச் சரிசெய்து இரண்டு பாடவேளைகள் கவனித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டு மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

## அறிகுறி: இரண்டாம் மாதத்திலேயே திட்டம் பின்தங்கிவிட்டது

### கையில் இருக்கும் நிமிடங்களைக் கணக்கிட்டீர்களா?

நாட்காட்டியில் 40 வாரங்கள் இருப்பதாகக் கொள்வோம். தேர்வு வாரங்கள், தேர்வுக்கு முந்தைய மீள்பார்வை வாரங்கள், விளையாட்டுப் போட்டிகள், பள்ளி விழா, உங்கள் வகுப்புக் கிழமையில் வந்து விழும் விடுமுறைகள் ஆகியவற்றைக் கழித்தால் 28 பாடவேளைகள் மிஞ்சினாலே பெரிது. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்றால், மாணவர்கள் வந்து அமர்ந்து, வருகை எடுத்து, கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 10 நிமிடமும், திரும்பக் கட்டி வைக்க 5 நிமிடமும் போய், இசைக்கென்று எஞ்சுவது 25 நிமிடம். 28ஐ 25ஆல் பெருக்கினால் 700 நிமிடம்; ஆண்டு முழுவதற்கும் 12 மணி நேரம்கூட இல்லை. இந்த எண்ணைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த பிறகு, பத்து அலகுகள் கொண்ட பட்டியலைப் பார்த்தால் அது ஏன் நடக்காது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

### தேதி போட்டுத் திட்டமிட்டீர்களா?

வாரத் தொடக்கத்திலும் வார இறுதியிலும் வரும் பாடவேளைகள்தான் விடுமுறைகளில் அதிகம் கரைகின்றன. ஒரே வகுப்பின் இரு பிரிவுகளில், ஒன்று திங்கட்கிழமையும் மற்றொன்று புதன்கிழமையும் வந்தால், அரையாண்டுக்குள் முந்தையது இரண்டு மூன்று பாடங்கள் பின்தங்கியிருக்கும். எனவே தேதிகளை அழித்துவிட்டு, பாடம் 1, பாடம் 2 என்று எண்களை மட்டும் இடுங்கள். தேதி போட வேண்டிய இடங்கள் மூன்றே: முதல் மதிப்பீடு, விழா, இறுதி மதிப்பீடு.

### கருவி பகிர்வில் நேரம் போகிறதா?

ஒரு நாள் கடிகாரத்தை மேசைமேல் வைத்து, முதல் மாணவர் உள்ளே வருவதிலிருந்து முதல் ஒலி எழுவது வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துப் பாருங்கள். 10 நிமிடத்தைத் தாண்டினால், கருவிகளுக்கும் இருக்கைகளுக்கும் ஒரே எண்களை ஒட்டுங்கள். வரிசைக்கு ஒருவர் மட்டும் எழுந்து எடுத்து வரட்டும். அதுவரை மற்றவர்கள் சும்மா காத்திருக்காமல், நீங்கள் கைதட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டிக்கொண்டிருக்கட்டும். ஆரவாரமில்லாத இந்த ஏற்பாடு பாடவேளைக்கு நான்கைந்து நிமிடங்களை மீட்டுத் தரும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் அதுவே நான்கைந்து பாடவேளைகள்.

### அலகுகள் அதிகமா?

28 பாடவேளைகளுக்கு நான்கு அலகுகள் போதும். ஓர் அலகுக்கு ஆறு பாடவேளைகள், அலகு ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு காலிப் பாடவேளை. காலியாக விட்டது வீண் என்று தோன்றும். ஆனால் அது காலியாகவே நின்ற அலகு அபூர்வம். ஆறு பாடவேளைகளில் முதலாவது கேட்பதற்கும் பாடுவதற்கும், இரண்டாவதும் மூன்றாவதும் கருவியில் பிடிப்பதற்கும், நான்காவது அதே பகுதியைக் குறியீட்டில் படிப்பதற்கும், ஐந்தாவது அதை மாற்றிச் சொந்தமாக அமைப்பதற்கும், ஆறாவது ஒருவர் முன் ஒருவர் இசைத்துக் காட்டுவதற்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே பாடல் ஆறு வாரங்கள் ஆறு விதமாகத் திரும்பி வரும். வாரம் ஒரு புதுப் பாடல் எடுத்து எதையும் ஊன்றாமல் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

### பாடவேளையே பறிபோகிறதா?

மேற்கண்டவை அனைத்தும் சரியாக இருந்தும் திட்டம் பின்தங்கினால், உங்கள் பாடவேளைகளை வேறு பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன என்று பொருள். இழந்த ஒவ்வொரு பாடவேளையின் தேதியையும் காரணத்தையும் ஒரு பருவம் முழுவதும் குறித்து, அந்தத் தாளுடன் தலைமையாசிரியரைச் சந்திக்க வேண்டிய கட்டம் இது. பொதுவாகக் குறைபட்டுக்கொள்வதைவிடக் குறிப்பான ஒரு கோரிக்கையை முன்வையுங்கள்: வாரம் ஒன்று என்பதற்குப் பதிலாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கேட்கலாம். 80 நிமிடம் ஒருசேரக் கிடைத்தால் கருவிகளை ஒரே முறை எடுத்து வைத்தால் போதும் என்பதால் 65 நிமிடம் எஞ்சும். தனித்தனியாக வந்தால் இரண்டும் சேர்ந்து 50தான். மாற்று வாரத்தில் பயிற்சி விட்டுப்போகும் என்பதால், முதல் ஆண்டு மாணவர்களுக்கு இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

## அறிகுறி: வகுப்பு பாட மறுக்கிறது

### எல்லோருமே முணுமுணுக்கிறார்கள் என்றால்

முதலில் சுருதியைப் பாருங்கள். ஆசிரியர் தம் குரலுக்கு வசதியான சுருதியில் தொடங்கிவிடுவதே இதற்கு மிகப் பொதுவான காரணம்; பெரியவர்களின் சுருதி இந்த வயதுக் குரல்களில் பாதிக்கேனும் ஒத்துவராது. பாடலைத் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு கட்டை (சுருதியில் ஒரு படி) ஏற்றியும், பின் ஒரு கட்டை இறக்கியும் பாடச் செய்து, எதில் ஒலி கூடுகிறது என்று அறையின் பின்புறம் நின்று கேளுங்கள். இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சுருதியை மாற்றியும் குரல் எழாவிட்டால் பாடலின் சொற்களைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் இருப்பவர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்று தாங்கள் கருதும் எதையும் நண்பர்கள் முன்னிலையில் பாட மாட்டார்கள். அதே மெட்டை ஸ்வரங்களாகவோ, சொல்லில்லாத ஒலிகளாகவோ கொடுத்தால் பாடுவார்கள். அதுவும் பலிக்காதபோது, எப்போதாவது யாரையாவது தனியாக எழுப்பிப் பாடச் சொன்னோமா, அதற்கு வகுப்பு சிரித்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி நடந்திருந்தால் ஓர் அலகு முழுவதும் தனிக்குரலைக் கேட்காமல், நால்வர் ஐவர் கொண்ட குழுக்களாக மட்டும் பாடவைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

### பையன்கள் மட்டும் பின்வாங்குகிறார்கள் என்றால்

இது பெரும்பாலும் மகரக்கட்டு, அதாவது வளரும் வயதில் குரல் உடைந்து மாறுவது. ஆண்பிள்ளைகளின் குரல் முடிவில் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரையிலான அளவு) இறங்கி நிற்கும் என்றாலும், இறங்கும் மாதங்களில் அவர்களுக்கு வசதியாகக் கிடைப்பது சில வேளைகளில் ஐந்தாறு ஸ்வரங்கள் மட்டுமே. நேற்று எட்டிய மேல் ஸ்வரம் இன்று உடைந்து கேட்கிறது என்பதால் வாயை மூடிக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. இந்த வயதில் பெண்பிள்ளைகளின் குரலும் மாறுகிறது. இறக்கம் சில அரை ஸ்வரங்கள் அளவே இருந்தாலும் குரலில் காற்றுக் கலந்து ஒலிப்பது கேட்கும். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டிய சோதனை எளிது. பருவத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் வேறு வேலையில் இருக்கும்போது, ஒவ்வொருவரையும் கீபோர்டு அருகே அழைத்து, இயல்பாகப் பேசும் குரலில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்குரல் நிற்கும் ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலும் கீழும் எத்தனை ஸ்வரங்கள் சிரமமின்றி வருகின்றன என்று பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அரை நிமிடம் போதும். குறிப்பேடு நிறைந்ததும், எந்தச் சுருதியில் எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்பது கண்முன் நிற்கும்.

அதன் பிறகு திட்டத்தில் செய்யும் திருத்தம் இது: எல்லோரும் ஒன்றாகப் பாட வேண்டிய பகுதிகளை ஐந்து அல்லது ஆறு ஸ்வர அகலத்துக்குள் சுருக்கி, கீபோர்டின் நடு ‘சி’க்குக் கீழுள்ள ‘ஏ’ முதல் அதற்கு மேலுள்ள ‘எஃப்’ வரையிலான இடத்தில் அமையுங்கள். முழுவதும் இறங்கிவிட்ட குரல்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். இன்னும் தத்தளிக்கும் குரல்களுக்கு ஸ, ப இரண்டையும் மட்டும் நீட்டிப் பிடிக்கும் பகுதியைக் கொடுங்கள். அதைத் தண்டனையாக அல்லாமல் பாடலின் அடித்தளமாக அறிமுகப்படுத்தினால் சிலர் விரும்பிக் கேட்டு வாங்குவார்கள். ‘குரல் நிலைக்கும்வரை பாடாதே’ என்று ஒதுக்கி வைப்பது மட்டும் வேண்டாம். ஓராண்டு வாய்மூடி இருந்த பையனை மீண்டும் பாடவைப்பது, உடைந்த குரலோடு பாடவைப்பதைவிடப் பலமடங்கு கடினம்.

சளியோ காய்ச்சலோ இல்லாமல் குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், பாடும்போதோ பேசும்போதோ வலி இருந்தாலும், அது ஆசிரியர் சரிசெய்யும் விஷயமன்று. பெற்றோரிடம் தெரிவித்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆசிரியரின் சொந்தக் குரலுக்கும் இதே விதி பொருந்தும் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

### ஒரே ஒரு மாணவர் மட்டும் சுருதியில் சேரவில்லை என்றால்

அவரை உங்கள் சுருதிக்கு இழுக்கும் முன், அவர் பாடும் ஸ்வரத்துக்கு நீங்கள் போய்ச் சேருங்கள். அவர் ஏதேனும் ஒரு ஒலியை நீட்டிப் பாடட்டும். அதே ஒலியை நீங்களும் பாடி, இரண்டும் ஒன்றாகிவிட்டதை அவர் காதால் உணர்ந்த பிறகு, அரை ஸ்வரம் நகருங்கள். பெரும்பாலோர் பின்தொடர்வார்கள். பின்தொடராதவர்களில் பலர் சரியான ஸ்வரத்தையே ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடிக்கொண்டிருப்பார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரின் குரலில் தம் குரல் கேட்காமல் தடுமாறுவார்கள். இருக்கையை வரிசை ஓரத்துக்கு மாற்றினாலே இரண்டாமவர் தேறிவிடுவார். சுருதி வேறுபாட்டையே உணர முடியாத நிலை மிக அரிது. ஆனால் பேச்சிலும் அடிக்கடி ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்கும் மாணவராக இருந்தால், வகுப்பாசிரியர் மூலமாகச் செவித்திறன் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

## அறிகுறி: கருவிகள் ஒன்றோடொன்று சேரவில்லை

### ரெக்கார்டர் (ஊதும் குழல்)

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும், அதுவும் ‘சி’யை ஸ ஆகக் கொண்டால் வரும் ‘ம’ மட்டும், சிலருக்குச் சரியாகவும் சிலருக்குப் பிசகியும் ஒலித்தால், வகுப்பில் ஜெர்மன் முறைக் கருவிகளும் பரோக் முறைக் கருவிகளும் கலந்திருக்கின்றன. முன்புறத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள்: நான்காவதைவிட ஐந்தாவது துளை சிறியதாக இருந்தால் ஜெர்மன் முறை, ஐந்தாவதைவிட நான்காவது சிறியதாக இருந்தால் பரோக் முறை. இரண்டுக்கும் அந்த ஸ்வரத்தின் விரல்பிடிப்பு வேறு. கைவசம் இரண்டும் இருந்தால், இரு வகையினரையும் தனித்தனி வரிசையில் அமர்த்தி, இரண்டு விரல்பிடிப்புப் படங்களைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த கொள்முதலில் ஒரே வகையைக் கேட்டு வாங்குங்கள். பிடிப்பு வேறாயிற்றே என்று அந்த ஸ்வரத்தையே முதல் அலகில் தவிர்ப்பதும் நல்ல வழிதான்.

எல்லா ஸ்வரங்களிலும் கிறீச்சொலி வந்தால், முதலில் பின்புறக் கட்டைவிரல் துளை முழுதாக மூடுகிறதா என்றும், அடுத்து ஊதும் வேகம் அதிகமா என்றும் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒலி அடைத்துக்கொண்டால் உள்ளே ஈரம் தேங்கியிருக்கிறது: மேற்புறத் திறப்பை விரலால் மூடி, ஒருமுறை பலமாக ஊதி வெளியேற்றினால் போதும். வாசிக்கும் முன் தலைப்பகுதியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினால் ஈரம் தேங்குவதே குறையும். வாயில் வைக்கும் கருவியைக் கழுவாமல் இரு வகுப்புகளுக்கு மாற்றித் தருவது கூடாது. பிளாஸ்டிக் கருவிகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம், மரக் கருவிகளைக் கூடாது.

### கீபோர்டு

ஒரு கீபோர்டு மட்டும் முழுவதுமாக வேறு சுருதியில் ஒலித்தால், முந்தைய வகுப்பில் யாரோ சுருதி மாற்றும் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அணைத்துப் போட்டுப் பாருங்கள். பல மாதிரிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், மற்றவற்றில் திரையில் தெரியும் எண்ணைச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். சில கட்டைகள் மட்டும் ஒலிக்காமலோ திடீரென உரக்க ஒலித்தோ தொந்தரவு செய்தால் உள்ளே தொடர்புப் பட்டை பழுதாகியிருக்கலாம்; அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

### தந்திக் கருவிகள்

புதிதாக மாட்டிய நைலான் தந்திகள் சில நாட்களுக்கு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், அலகு தொடங்கும் வாரத்தில் தந்தி மாற்றுவதைத் தவிர்த்து, இரண்டு வாரம் முன்பே மாற்றித் தினமும் ஒருமுறை சுருதி கூட்டி வையுங்கள். சுருதி கூட்டும் செயலியில் அடிப்படை ‘ஏ’ 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கைப்பேசியில் அது 432 என்று மாறிக் கிடந்தால், அதை வைத்துக் கூட்டிய கருவிகள் எல்லாம் கீபோர்டுக்குக் கீழேயே நிற்கும். திறந்த தந்தி சரியாகவும் மேலே போகப் போகப் பிசகியும் ஒலிக்கும் கிதாரின் கழுத்து வளைந்திருக்கக்கூடும். அங்கே நிறுத்திக்கொண்டு, செப்பனிடுபவரை அழையுங்கள்.

## அறிகுறி: தாளம் ஓடுகிறது

மெட்ரோனோமை (சீரான வேகத்தில் தட்டி ஒலிக்கும் கருவி) ஓடவிட்டு வகுப்பைத் தொடங்கச் செய்து, நான்கு ஆவர்த்தனங்களுக்கு (தாளத்தின் முழுச் சுற்றுகளுக்கு) பின் அதன் ஒலியை மட்டும் அணைத்து, மேலும் எட்டு ஆவர்த்தனங்கள் கழித்துத் திரும்ப ஒலிக்க விடுங்கள். வகுப்பு அதற்கு முன்னால் போயிருந்தால் ஓட்டம்; பின்னால் நின்றால் இழுவை. இரண்டும் ஒரே பழுதன்று.

ஓட்டத்துக்கு எளிய காரணம், நீண்ட ஸ்வரங்களில் எண்ணாமல் விடுவது. இரண்டு, மூன்று அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) நிற்க வேண்டிய இடங்களில் மட்டும் வாய்விட்டு எண்ணச் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்து, தாளம் போடும் கையை எத்தனை பேர் உண்மையில் அசைக்கிறார்கள் என்று பாருங்கள்; முன்வரிசையில் மூவரைப் பார்த்து மற்றவர்கள் போடும் தாளம் எப்போதும் கால் அட்சரம் தாமதமாக வரும், அதை ஈடுகட்டவே வேகம் கூடும்.

இழுவை பெரும்பாலும் அறையைச் சார்ந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், 34 மீட்டர் நீளமுள்ள அரங்கின் பின்சுவரில் பட்டு மேடைக்குத் திரும்பும் ஒலி 0.2 நொடி தாமதமாகவே காதில் விழும். வகுப்பறையில் கச்சிதமாக இருந்த குழு அரங்கில் தடுமாறுவதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. காதால் கேட்டு வாசிப்பதைக் குறைத்து, கையைப் பார்த்து வாசிக்கப் பழக்குங்கள். அரங்கில் குறைந்தது இரண்டு ஒத்திகைகளைத் திட்டத்தில் சேருங்கள்.

## அறிகுறி: நன்றாக வாசிக்கிறார்கள், குறியீடு படிக்க வரவில்லை

தாளில் ஒவ்வொரு குறியின் கீழும் ஸ்வரப் பெயரையோ விரல் எண்ணையோ எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் அவர்கள் படிப்பது அந்த எழுத்துகளை மட்டும். எழுத்துகளை ஒரேயடியாக அழித்தால் வகுப்பு நின்றுவிடும். முதல் வாரம் எல்லாவற்றுக்கும், அடுத்த வாரம் வரியின் முதல் ஸ்வரத்துக்கும் புதிதாக வருபவற்றுக்கும், மூன்றாம் வாரம் எதற்கும் இல்லை என்று படிப்படியாகக் குறையுங்கள்.

எழுத்தே இல்லாத தாளிலும் இதே நிலை என்றால், மாணவர்கள் மனப்பாடத்திலிருந்து வாசிக்கிறார்கள். தெரிந்த பாடலின் ஒரு வரியில் இரண்டு ஸ்வரங்களை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். மாற்றத்தைக் கவனிக்காமல் பழையபடி வாசிப்பவருக்குக் குறியீடு இன்னும் வெறும் அலங்காரம்தான். இத்தகையோருக்கு ஸ்தானத்தையும் (ஸ்வரத்தின் உயரம்) கால அளவையும் ஒருசேரக் கற்பிக்காமல், ஓர் அலகில் ஒரே ஸ்வரத்தில் கால அளவுகளை மட்டும், அடுத்த அலகில் சமமான கால அளவில் ஸ்வரங்களை மட்டும் என்று பிரித்துக் கொடுங்கள். கர்நாடக முறையிலான ஸ்வரக் குறியீடானாலும் ஐந்து கோட்டுக் குறியீடானாலும் இது பொருந்தும். ஆனால் முதல் ஆண்டில் இரண்டையும் சேர்த்துத் தொட வேண்டாம். தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கும் மாணவர் இருந்தால் பார்வைப் பரிசோதனையைப் பெற்றோரிடம் பரிந்துரையுங்கள்.

## அறிகுறி: பாதிப்பேர் சலிக்கிறார்கள், பாதிப்பேர் தவிக்கிறார்கள்

வெளியே தனியாக இசை கற்கும் மாணவர்களும், முதன்முறையாகக் கருவியைத் தொடுபவர்களும் ஒரே அறையில் இருக்கும்போது இது வந்தே தீரும். நடுநிலையான வேகம் ஒன்றைத் தேடுவதில் பயனில்லை. அது இரு தரப்புக்கும் ஒத்துவராது. பாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை மூன்று அடுக்காக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஸ, ப மட்டும் வரும் அடித்தளம், ஒவ்வோர் அட்சரத்துக்கும் ஒரு ஸ்வரம் கொண்ட எளிய வடிவம், மெட்டின் முழு வடிவம். மூன்றும் ஒரே நேரத்தில் ஒலித்துச் சேர வேண்டும். அப்போதுதான் எளிய பகுதியை வாசிப்பவரும் முழுப் பாடலுக்குள் இருப்பார். யார் எந்த அடுக்கு என்பதை ஆண்டு முழுவதற்கும் நிர்ணயித்துவிடாமல், ஒவ்வோர் அலகின் மூன்றாம் பாடவேளையில் மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தவர்களை மற்றவர்களுக்குக் கற்பிக்க அமர்த்துவது எப்போதாவது சரி. வாரந்தோறும் அதையே செய்யச் சொன்னால் அவர்கள் கற்பது நின்றுவிடும்.

## அறிகுறி: சொந்தமாக அமைக்கச் சொன்னால் இரைச்சல்தான் வருகிறது

கொடுத்த சுதந்திரம் அதிகம். ‘எதையாவது அமையுங்கள்’ என்பதற்குப் பதிலாக, மூன்று ஸ்வரங்கள், எட்டு அட்சரம், ஸ-வில் தொடங்கி ஸ-வில் முடிய வேண்டும் என்று எல்லை வகுத்துக் கொடுங்கள். குழுக்கள் ஒரே நேரத்தில் வாசித்தாலும் காதைக் குத்தாமல் இருக்க மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள் வசதி. அவற்றுள் அரை ஸ்வர இடைவெளி எங்கும் இல்லாததால் எது எதோடு மோதினாலும் பெரிதாக உறுத்தாது. அப்போதும் இரைச்சல் என்றால் அறையைப் பாருங்கள்: ஆறு குழுக்கள் ஓர் அறையில் வாசித்தால் எந்தக் குழுவுக்கும் தன் ஒலி கேட்காது. முதல் பத்து நிமிடம் கருவியின்றித் தாளில் எழுதுவதும் வாய்க்குள் பாடுவதும் மட்டுமே என்று வைத்து, பிறகு இரண்டிரண்டு குழுக்களாக வாசிக்கச் செய்யுங்கள். கூடுதல் அறையோ, கீபோர்டுகளுக்குத் தலையணி ஒலிபெருக்கிகளோ கேட்பது கடைசி வழி.

## அறிகுறி: விழா ஒத்திகை ஆண்டையே விழுங்கிவிடுகிறது

விழாவுக்கென்று புதிய பாடலை எடுத்ததுதான் முதல் காரணம். அதற்கு முந்தைய இரண்டு அலகுகளில் கற்றவற்றிலிருந்தே நிகழ்ச்சியை அமைத்தால் ஒத்திகை மூன்று நான்கு பாடவேளைகளுக்குள் அடங்கிவிடும். இரண்டாவது காரணம், தேர்ந்த பத்துப் பேரோடு ஒத்திகை நடக்கும்போது மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது. மூன்றடுக்கு அமைப்பு இருந்தால் முழு வகுப்பும் மேடையேறலாம்.

நிர்வாகம் புதிய, பெரிய நிகழ்ச்சி ஒன்றைத்தான் விரும்புகிறது என்றால், அதற்கான நேரத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே, பாடவேளைகளுக்கு வெளியே, எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு கேட்டால் கிடைப்பது பிற ஆசிரியர்களின் மனத்தாங்கல் மட்டும்தான். ஒலிபெருக்கியில் ஊளையிடும் ஒலி வந்தால், ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்குப் பின்னால் நகர்த்தி, தேவையற்ற ஒலிவாங்கிகளை அணைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒலியமைப்பாளரிடம் விட்டுவிடுவது நல்லது. மின்கம்பிகளில் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

## அறிகுறி: மதிப்பெண்கள் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கின்றன

36 மாணவர்களை ஆளுக்கு மூன்று நிமிடம் கேட்க 108 நிமிடம் வேண்டும். 25 நிமிடப் பாடவேளைகளில் அது நான்கைத் தாண்டும். அதற்கு நேரமில்லாமல் கடைசி வாரத்தில் அவசரமாகக் கேட்டுச் சராசரியாகப் போட்டுவிடுவதால்தான் எல்லா எண்களும் ஒன்றாகிவிடுகின்றன. இறுதி வாரத்தை நம்பாமல், ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கப் பயிற்சியின்போதே நால்வரை மட்டும் உற்றுக் கேட்டுக் குறித்துவந்தால், ஒன்பது பாடவேளைகளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆண்டுக்கு மூன்று சுற்றுகள் கிடைக்கும். சுருதி, தாளம், சேர்ந்திசைத்தல் என்று மூன்று அளவுகோல்கள் போதும்; ஏழெட்டு அளவுகோல்கள் கொண்ட படிவத்தை நிரப்பும் ஆசிரியர் மாணவரைக் கேட்பதில்லை.

குரல் மாறிக்கொண்டிருக்கும் மாணவரின் சுருதிக்கு அந்தப் பருவத்தில் மதிப்பெண் இடாமல், கருவியில் கேட்டு இடுங்கள்.

## அறிகுறி: விடுமுறைக்குப் பின் எல்லாம் மறந்துவிட்டது

மறதி இயல்புதான், அதற்கு இடம் ஒதுக்காத திட்டத்தைத்தான் திருத்த வேண்டும். விடுமுறைக்குப் பிந்தைய முதல் பாடவேளையில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பழைய பாடல் ஒன்றைத் தாளின்றி வாசிக்கச் சொல்லி, எந்த அடியில் நிற்கிறார்கள் என்று குறித்து, அந்த அடியை மட்டும் மீட்டெடுங்கள். முதல் அடியிலேயே நின்றுவிட்டால், அந்த அலகு விடுமுறைக்கு முன்பே பாதியில் இருந்தது என்று கொண்டு, அலகின் காலிப் பாடவேளையை இங்கே செலவிடுங்கள். முதல் பகுதி வந்து இடையில் நின்றால், கற்பிக்கும்போது எப்போதும் தொடக்கத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறீர்கள். இனி கடைசி அடியிலிருந்து பின்னோக்கிக் கற்பித்துப் பாருங்கள்.

இரண்டாம் அலகின் நடுவில் முதல் அலகின் பாடலும், நான்காம் அலகின் நடுவில் இரண்டாவதன் பாடலும் ஐந்து நிமிடமாவது திரும்பி வருமாறு இப்போதே திட்டத்தில் குறித்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைத் தொடக்கப் பயிற்சியின் இடத்தில் வைத்தால் கூடுதல் நேரம் எதுவும் தேவைப்படாது.